நாலு விரக்கடை நீளம்

— ...பொறகு?

— பொறகு ஒண்ணுமில்லீங்க. முழிப்பு வந்துருச்சு.

— ஆத்துல எறங்குனயே, ஏறுனயா இல்லயா, அதச் சொல்லு.

— நான் எங்க எறங்குனேன்... ஆறே என்ற கைக்குள்ளதான் ஓடுச்சுங்க. தோள்ல இருந்து விரலு வரைக்கும். நடுவால, இந்தக் கக்கத்துக்கிட்ட, ஒரு மடு. அங்க வந்ததும் தண்ணி சுத்திச் சுத்தி நின்னுக்குச்சு. தழை, குப்பை எல்லாம் அங்கயே மெதக்குது. நான் கரையில நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன்.

— உன்ற கைக்குள்ள ஓடற ஆத்துக்கு நீயே கரையில நின்னயாக்கும்.

— கனவுதானுங்களே.

— ஊணுகட்டையோட நின்னயா, கட்டையில்லாம நின்னயா?

— ...அது நெனப்பில்லீங்க.

— கனவுலயாவது ரெண்டு காலும் நல்லா இருந்துருக்கும்னு பாத்தேன்.

— போங்க அக்கட்டால.

— எங்க போறது பழனா, ரெண்டு எட்டு வெச்சா நானே காணாமப் போயிருவேன். மேகம் இந்த எறக்கம் எறங்கிக் கெடக்குது. பஸ் ஸ்டாப்பு போர்டத் தொட்டுப் பாத்துத்தான் உக்காந்தேன்.

— உங்க கொரலு மட்டுந்தான் வருதுங்க. முகம் இருக்கற எடத்துல வெள்ளையா இருக்குது.

— நல்லதாப் போச்சு. இருபத்தெட்டு வருசமாப் பாத்த முகந்தான. ஒரு நாளைக்கு லீவு உடு.

— பஸ்ஸு வருமுங்களா இதுல?

— வரும். செல்வந்தான் இன்னைக்கு ஓட்டறானாம். அவன் கண்ண மூடிட்டே ஓட்டுவான். இன்னும் அக்கரைச் சரிவுலயே சத்தம் கேக்கல, கால் மணி நேரமாவது ஆகும். சோத்துக் கையக் குடு, தேச்சு உடறேன்.

— இந்தாங்க.

— ...

— புடிங்க, நீட்டிட்டே இருக்கேன்.

— அப்பவே புடிச்சுட்டேன் பழனா. தேச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— ...அப்படிங்களா.

— தெரியலயா?

— மணிக்கட்டு வரைக்கும் தெரியுதுங்க. அதுக்கு அங்கிட்டு... தூரத்துல யாரோ எதயோ பண்றாப்ல இருக்குது.

— சுண்டு விரலு நேத்தைக்கு வெளுப்பா இருந்துச்சு. இன்னைக்கு நுனி நாவப்பழமாட்டம் ஆயிருச்சே.

— குளுருக்கு அப்படி ஆகும்.

— எனக்குந்தான் குளுருது. என்ற விரலு ஏன் என்ற விரலாட்டமே இருக்குது?

— உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி.

— அன்னைக்கு பக்கத்து ஊட்டு ராதிகா புள்ளைக்கு நீ தெச்ச வெள்ளைச் சட்டையில ரத்தம் சொட்டிக் கெடந்துச்சே. ஊசி விரல்ல எறங்கி அந்தப் பக்கம் வந்துருக்குது, நீ பாட்டுக்கு தையல் மிஷினு சக்கரத்தச் சுத்திட்டு இருந்த. அவ கத்துன கத்துல நான் மொளகுக் கொடிமேல இருந்து எறங்கி ஓடியாந்தேன்.

— சட்டையத் தொவைச்சுக் குடுத்துட்டேனுங்க. கறை போயிருச்சு.

— சட்டையக் கேட்டனா நான்? சரி. டாக்டரம்மா சொன்னத இன்னொருக்காச் சொல்லு. பஸ்ஸு வர்ற வரைக்கும்.

— எத்தன தடவைங்க.

— நீ சொல்றப்ப கத கேக்கறாப்ல இருக்குது. அவங்க சொன்னப்ப எனக்குக் காது அடைச்சுருச்சு.

— அனுராதா டாக்டரு ஒரு தாள்ல படம் போட்டாங்க. கக்கத்துல போற ரத்தக்குழாய் ஒரு எடத்துல இத்துப்போயி வீங்கிக்கிச்சாம். சைக்கிள் டியூப்பு ஒரு எடத்துல பொடைச்சுக்கிட்டு வருமில்ல, அந்த மாதிரி. அதுதான் கட்டியாட்டம் கைக்குத் தட்டுப்படுது. அதுதான் துடிக்குது.

— கட்டின்னு நெனச்சு மஞ்சப் பத்துப் போட்டமே.

— அதச் சொன்னதும் சிரிச்சாங்க. பாவம், நல்ல மனுசி. வீங்குன எடத்துல ரத்தம் சுத்தி நின்னு கெட்டி தட்டிப்போகுதாம். அதுல இருந்து துணுக்குத் துணுக்கா ஒடிஞ்சு விரலுக்கு ஓடி அடைச்சுக்குதாம். அதுதான் மரத்துப்போறது, கறுக்கறது எல்லாம்.

— அப்ப ஒனக்குக் கனவுல வந்த மடு டாக்டரு போட்ட படமா?

— எனக்குமே இப்பத்தான் படுதுங்க.

— இப்படியே உட்டா?

— விரலு போகுமுன்னாங்க. பொறகு கை. கெட்டி தட்டுனது எப்ப ஒடியும்னு யாருக்கும் தெரியாதாம். நாளைக்கும் ஒடியலாம், ஒரு மாசம் கழிச்சும் ஒடியலாம். பல வருசத்துல இதயுஞ் சேத்து ரெண்டாவது தடவதான் பாக்கறாங்களாம், அத்தன அபூர்வமாம்.

— அபூர்வமா வேற எதாவது நமக்கு வந்துருக்கலாம்.

— ஆமாங்க. வந்தது இதான்.

— சரி செய்யறதச் சொல்லு. அதுதான் எனக்குப் புடிச்ச எடம்.

— தொடை இடுக்குல சின்னதா ஒரு ஓட்டை. அதுல ஒரு கம்பி. ரத்தக்குழாய்க்குள்ளயே மேல ஏறி, நெஞ்சுக்கிட்ட வந்து, வளைஞ்சு கக்கத்துக்குப் போகுமாம்.

— கக்கம் இங்க இருக்குது, தொடையில ஓட்டை. சேந்தமங்கலத்துல பஸ் ஏறி, திருச்சி சுத்திக் கொல்லிமலை வந்த கதை.

— நானும் கேட்டனுங்க. பெரிய ரோடு அதுதான், சந்துல வண்டி போகாதுன்னாங்க.

— சரிதான். பொறகு?

— கம்பிமேல ஒரு குழாய வெச்சுத் தள்ளுவாங்களாம். குடையாட்டம் மடிச்சிருக்குமாம். வீங்குன எடத்துக்குப் போனதும் உள்ளுக்குள்ளயே விரிஞ்சுக்குமாம். கம்பி வலை, அதுமேல மெல்லிசாத் துணி. ரத்தம் அந்தத் துணிக்குள்ள நேராப் போயிரும், வீக்கத்துக்குப் போகாது. எனக்கு அது உடனே வெளங்கிருச்சு. இத்துப்போன ஜாக்கெட்டுக்கு உள்ளார லைனிங் குடுக்கறது.

— தைக்காமயா?

— அதத்தான் நானும் கேட்டேன். தைக்காம எப்படீங்க நிக்கும், நகந்துக்காதான்னு. விரிஞ்ச வேகத்துல ஒட்டிக்குமாம். முப்பது வருசம் தெச்சுருக்கேன், தையலில்லாத லைனிங் இப்பத்தான் கேள்விப்படறேன்.

— உன்ற கிராக்கி எல்லாம் அந்த டாக்டருகிட்டப் போயிரப்போகுது.

— மயக்க மருந்துகூடக் கொஞ்சந்தானாம். அரைத் தூக்கத்துல டிவியில பாத்துக்கிட்டே இருக்கலாமாம். கறுப்பு மை உட்டதும் கை முச்சூடும் வேரு வேராத் தெரியுமாம்.

— பயமா இருக்குதா?

— அதுக்கு இல்லீங்க.

— எதுக்கு இருக்குது?

— மாட்டுக்குத் தண்ணி காட்டுனீங்களா?

— காட்டுனேன்.

— மொளகு ஒரு வாரமாக் காயவே இல்ல. சாக்கப் போட்டு மூடிட்டு வந்தீங்களா? வெயிலு வந்துச்சுன்னா யாரு திறந்து உடறது?

— ராதிகா பாத்துக்கறேன்னா.

— அவளுக்கு மறந்துரும்.

— மறந்துட்டுப் போவட்டும்.

— ஏனுங்க... நீங்க ஊட்டுலயே இருந்துக்கங்களேன்.

— என்ன சொன்ன?

— ஞாயித்துக்கெழமை கௌசிகா ஓசூர்ல இருந்து வந்துருவா. நான் அவளோட போயிக்கறேன். அவளே கையெழுத்தும் போட்டுருவா. படிச்ச புள்ள.

— நாளைக்கு வெச்சே ஆவணும், ஒரு நாளுகூடத் தள்ளாதீங்கன்னு டாக்டரு என்ற முன்னாலதான சொன்னாங்க. ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் நாலு நாளு இருக்குது.

— நாலு நாளுல என்னங்க ஆயிரும்.

— இப்பத்தான் நீயே சொன்ன, என்ன ஆகும்னு. கையெழுத்து நான் போட்டா என்ன? வளைஞ்சு வளைஞ்சு போவும், அவ்வளவுதான. ரேசன் கார்டுல போட்டுருக்கறது நாந்தான்.

— உங்களுக்கு ஆஸ்பத்திரி ஆகாதுங்க. கௌசிகா பொறந்தப்ப வராந்தாவுல மயங்கி விழுந்து, எனக்குக் கொண்டாந்த ஆர்லிக்ஸை உங்களுக்குக் குடுத்தாங்க.

— அது பசி.

— ரெண்டு இட்டிலி தின்னுட்டு வந்தது பசீங்களா?

— இருபத்தஞ்சு வருசமா நீ அத உடமாட்டேங்கற. சரி, மயங்கி விழுந்தா விழுகறேன். உன்னக் கட்டுனவன் எங்கனு கேட்டா என்ன சொல்லுவ? மொளகு காயப்போட்டுட்டு இருக்காருன்னா?

— அப்படி யாரும் கேக்கமாட்டாங்க.

— போன வாரம் என்ன டீ வாங்கியாரச் சொல்லி வெளிய அனுப்புனாங்கல்ல. திரும்பி வந்தப்ப நீயும் டாக்டரும் பேச்ச நிறுத்திட்டீங்க. அவங்க என்ன ஏற எறங்க ஒருக்காப் பாத்தாங்க. டீ நல்லா இருக்குன்னாங்க, குடிக்கறதுக்கு முன்னயே.

— பொம்பளைங்க பேச்சுங்க அது.

— கக்கத்துக் கட்டியில பொம்பளைங்க பேச்சு என்ன இருக்குது?

— இருக்கும். எல்லாத்துலயும் இருக்கும்.

— ...

— கோவிச்சுக்கிட்டீங்களா?

— இல்ல. சத்தம் கேட்டுட்டு இருக்கேன். உனக்குக் கேக்குதா? அக்கரையில.

— மணிச்சத்தம்.

— அதில்ல, அது தேன்மொழி ஊட்டு எருமை. அதுக்கும் பின்னால. செல்வம் பெரிய பலாமரத்துக்கிட்ட வந்துட்டான். அங்க ஒரு ஆரன் அடிப்பான் எப்பவும்.

— மேகத்துக்குள்ள கேக்கறப்ப தண்ணிக்கு அடியில இருந்து வர்றாப்ல இருக்குதுங்க.

— எந்திரி. கட்டைய எடு.

— நான் வரலீங்க.

— பழனா.

— இன்னைக்கு வேண்டாமுங்க. ஞாயித்துக்கெழமை. சத்தியமாப் போறேன். இன்னைக்கு என்ன ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.

— கைக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா? சக்கரம் சுத்தற கை அது. ஊசி கோக்கற கை. எனக்கு இனிமே எடது கையில சோறு போடுவயா?

— எடது கையிலயும் போடலாம்.

— வெளையாடாத. என்ன மறைக்கற?

— மறைக்கல.

— எனக்கு உன்ற முகம் தெரியல, அதனால பொய் சொல்றதுன்னா நல்லாச் சொல்லலாம். ஆனா கொரலு காட்டிக் குடுக்குது.

— ...டாக்டரம்மா நல்லவங்கதான். ஆனா கையெழுத்துப் போடறவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லித்தான் போடச் சொல்லுவாங்களாம். அவருகிட்டச் சொல்லாதீங்கன்னு கையெடுத்துக் கும்புட்டேன். நானாப் போயிச் சொல்லமாட்டேன், எதனால வந்துச்சுன்னு அவரே கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராதும்மா, நீயே சொல்லிக் கூட்டியான்னுட்டாங்க. நீங்க கேக்காம இருக்கமாட்டீங்க. கேள்வி கேட்டே பொழைக்கற ஆளு.

— எதனால வந்துச்சு? பரம்பரையா வர்றதுன்னு சொன்ன. உங்கம்மாவப் பெத்த அப்புச்சிக்கு இருந்துச்சுன்ன.

— இருந்துருக்கும்.

— உங்க அப்புச்சி கெணத்துல விழுந்துல்ல செத்தாரு. பழனா, நான் ஒண்ணு சொல்லட்டா? நான் செஞ்ச கட்டை அழுந்தற எடமும் கட்டி இருக்கற எடமும் ஒண்ணு. கறுத்துக் காச்சுப்போயி, உள்ளங்கை அகலத்துக்கு. அதப் பாக்க டாக்டரா வேணும்? மேலுக்குச் சுடுதண்ணி ஊத்தி உடறவன் நான். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே கட்டைய எடப்பக்கம் மாத்திக்கிட்ட. கேட்டா தோளுவலின்ன. நான் ஒண்ணும் கேக்காம உன்ற வலப்பக்கம் நடந்து வந்தேன். கேள்வி கேக்கற ஆளுதான். சிலது கேக்கறதில்ல.

— ...உங்களுக்குத் தெரிஞ்சுருச்சுங்களா?

— இப்பத் தெரிஞ்சதில்ல அது.

— எப்ப?

— கல்யாணமாயி மூணாம் மாசம். செம்மேட்டுச் சந்தையில உன்ன நிக்க வெச்சுட்டு வெத்தல வாங்கப் போனேன். திரும்பிப் பாத்தா, சமதரையில நிக்கற நீ, வலது தோளு காதத் தொடறாப்ல தூக்கிக்கிட்டு நிக்குது. கட்டையில தொங்கிட்டு நிக்கற. மலையில மேடும் பள்ளமுமா நடக்கறப்ப அது தெரியவே இல்ல. அன்னைக்கு ஊட்டுக்கு வந்து நீ தூங்கறப்ப கட்டைய அளந்து பாத்தேன். இருக்க வேண்டியதுக்கு மேல நாலு விரக்கடை நீளம். எப்படி வந்துச்சு அந்த நாலு விரக்கடைனு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். பரிசம் போட வந்த அன்னைக்கு உங்க காட்டுல வெச்சுத்தான் கட்டைக்கு அளவெடுத்தேன். சரிவு. நீ மேல நின்ன, நான் குச்சியப் பள்ளத்துல ஊணி அளந்துட்டேன். ஒரு பலகையத் தரையில போட்டு அளக்கணும்னு சின்னப்பயலுக்குக்கூடத் தெரியும். பொண்ணப் பாத்துக்கிட்டே அளந்தவனுக்குத் தெரியல.

— நீங்க... இத்தன வருசம்...

— இரு. சொல்லி முடிச்சர்றேன், பஸ்ஸு அடிவளைவுக்கு வந்துருச்சு. உங்கப்பன் ஊரெல்லாம் சொல்லிட்டாரு, என்ற மாப்பளை மாமாங்கத்துக்கும் நிக்கற கட்டை செஞ்சு குடுத்துருக்காருன்னு. எங்க ஊட்டு ஆளுங்க எல்லாம், பொண்ணு கட்டை வெச்சாலும் எத்தன நிமிந்து நடக்குது பாருன்னாங்க. அளவு தப்பு, வெட்டணும்னு சொல்ல வாய் வரல. ரெண்டாவது கட்டை செஞ்சப்ப ரெண்டு விரக்கடை சத்தமில்லாமக் கொறைச்சேன். நீ ரெண்டே நாள்ல, குழிக்குள்ள நிக்கறாப்ல இருக்குது, பழைய அளவே வேணும்னுட்ட. அப்பவாவது சொல்லியிருக்கணும். பழகிக்கிட்டா, இருந்துட்டுப் போவட்டும்னு உட்டுட்டேன். மூணாவதும் அதே அளவு.

— ஏனுங்க, போதும்.

— இந்தக் கையக் கெடுத்தது நான். நீ அத எங்கிட்ட மறைக்கறதுக்காக விரல உடலாம்னு நிக்கற. என்ன நெனச்ச நீ? நாலு விரக்கடையத் தாங்கமாட்டான், ஒடிஞ்சுருவான்னா?

— அழுகறீங்களா?

— மேகம். மூஞ்சியெல்லாம் ஈரம்.

— தொடைச்சுக்கங்க.

— டாக்டரு கேக்கட்டும், நானே சொல்லிக்கறேன். அளந்தவன் நாந்தான், கையெழுத்தும் நாந்தான். அது கெடக்கட்டும்... அவங்ககிட்ட நீ என்ன சொன்ன, கட்டை யாரு செஞ்சதுன்னு கேட்டதுக்கு?

— சேந்தமங்கலத்துக் கடையில வாங்குனதுன்னேன்.

— நம்புனாங்களா?

— கடைக் கட்டையில அளவு ஏத்தி எறக்க ஓட்டை இருக்கும்மா, இது யாரோ பாத்துப் பாத்து எழச்சதுன்னாங்க. பொறகுதான் உங்கள வெளிய அனுப்புனாங்க.

— வெளிச்சம் தெரியுது பாரு. ரெண்டு மஞ்சளா.

— தெரியுதுங்க.

— செல்வத்த நிக்கச் சொல்றேன். படி உயரம், என்ற கழுத்தப் புடிச்சுக்க. கட்டைய நான் கொண்டாறேன்.

— ஏறறனுங்க. கண்டிப்பா ஏறறேன். அதுக்கு முன்னால நீங்க ஒண்ணு கேக்கணும்.

— பஸ்ஸுல சொல்லு.

— பஸ்ஸுல முகம் தெரியுமுங்க. இங்கயே சொல்லிப்போடறேன்.

— சீக்கிரம். ஆரன் அடிக்கறான்.

— அன்னைக்கு நீங்க அளந்ததுல தப்பே இல்லீங்க. நாம நின்னது களத்துமேடு, சாணி போட்டு வழிச்ச சமதரை. நீங்க குனிஞ்சு குச்சிய வெச்சப்ப... என்ற உசரம் உங்க தோளுக்காவது வரணுமேன்னு, கட்டுத்தறிக் கம்பத்தப் புடிச்சுக்கிட்டு, நான் நல்ல காலோட குதிகாலத் தூக்கிட்டேன்.